கடைவீதி ஜெர்மன்

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோன் முதற்கண் எதனைக் கற்றல் வேண்டும்? இவ்வினாவிற்கு நம் கல்லூரி மாணவரிடையே இருவகை விடை வழங்குகின்றது. அம்மொழியின் இலக்கணத்தையும் சிறந்த நூல்களையும் கற்றலே கல்வியாம் என்பார் ஒரு சாரார். தேர்வுக்கு வேண்டிய சொற்றொடர்களை மனப்பாடம் செய்து சான்றிதழ் பெற்றால் அமையும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒருங்கே எள்ளி நகையாடும் பொருள் ஒன்றுளது. அதுதான், "இது என்ன விலை?", "அரைக் கிலோ தக்காளி கொடுங்கள்", "வேறொன்றும் வேண்டா" என்றாற்போலும் கடைப்பேச்சு. கதே என்னும் பெரும் புலவன் பிறந்த மொழியைக் கற்கப் போய்க் காய்கறிக் கடையில் நிற்பதா என்கின்றார் முன்னவர். அதற்கு மதிப்பெண் எத்துணை என்கின்றார் பின்னவர். எம் கருத்தோ, கடைப்பேச்சே முதற்கண் கற்கற்பாலது என்பது. அதனையும் நம்மவர் இப்போது கற்கும் முறையில் அன்றி வேறொரு முறையிற் கற்றல் வேண்டும் என்பது.

இப்பொருளைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் வெறும் மொழியார்வமன்று. நம் திருநெல்வேலிச் சீமையினின்று ஜெர்மனிக்குச் செல்வோர் இன்று பலர். செவிலியராய்ப் பணிபுரியச் செல்வார் அந்நாட்டில் தம் தொழிற்பட்டம் ஏற்கப்படுதற்குப் பொதுவாகப் 'பி 2' என்னும் நான்காம் படியளவும் ஜெர்மன் கற்றிருத்தல் வேண்டும். கணவனோடு வாழச் செல்லும் பெண்டிரும், சிலர்க்கு விலக்குண்டெனினும், 'ஏ 1' என்னும் முதற்படித் தேர்விலேனும் தேறுதல் வேண்டுமென 2007-ஆம் ஆண்டில் அந்நாட்டார் சட்டஞ் செய்தனர். ஐரோப்பிய அவை 2001-இல் வகுத்து வெளியிட்ட ஆறு படிகளுள் அம்முதற்படியின் பாடப்பொருளில் பெயர் சொல்லுதல், வழி கேட்டல் முதலியவற்றோடு கடையிற் பொருள் கொள்ளுதலும் அடங்கும். ஆகவே கடைப்பேச்சைப் படியாதார் எவருமிலர். ஆயினும் படித்துத் தேறிய பின்னரும் கடையில் வாயடைத்து நிற்போர் பலர் எனக் கேள்வியுறுகின்றோம். நோயாளியின் மருந்தளவைப் பிழையின்றிக் குறிக்கக் கற்ற ஒரு பெண், தனக்கு வேண்டும் ரொட்டியைக் கேட்டு வாங்க நாணி, பேச வேண்டாத பெருங்கடையிற் கண்டதை எடுத்துக் கூடையிலிட்டுக்கொண்டு திரும்புவாளாயின், அவள் அந்நாட்டில் வாழ்கின்றாள் என்பதினும் தங்கியிருக்கின்றாள் என்பதே பொருந்தும்.

இதன் காரணம் யாது? நம் சொற்றொடர்ப் புத்தகங்கள் வினாவை மட்டும் கற்பிக்கின்றன. கடைக்காரர் மறுமொழியை விட்டுவிடுகின்றன. "வாஸ் கோஸ்ட்டெட் தாஸ்?" என்றால் "இது என்ன விலை?" என்பது பொருள். இதனைக் கிளியும் சொல்லும். இதற்குக் கடைக்காரி கூறும் விடையன்றோ மொழி! அவள் எண்களைக் கூறுவாள்; அவ்வெண்களோ நம் முறையில் வாரா. ஐம்பத்துநான்கை அவர்கள் 'நான்கும் ஐம்பதும்' என்பார்கள். நாற்பத்தைந்தை 'ஐந்தும் நாற்பதும்' என்பார்கள். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை எண்ணி வைப்பது புதியோர்க்கு இயல்பு. பின்பு அவள், "ஸோன்ஸ்ட் நொஹ் எட்வாஸ்?" என்பாள், "வேறேதேனும் வேண்டுமா?" என்பதாம். பையொன்று வேண்டுமா, ரொக்கமா அட்டையா, ரசீது வேண்டுமா என்று அடுத்தடுத்து வினவுவாள். பின்னே நிற்போர் வரிசை நீளும். இந்த ஐந்தாறு மறுமொழிகளைப் பல வாயினின்றும் விரைந்து சொல்லக் கேட்டுப் பழகினாலன்றி, நூறு வினாக்களை மனப்பாடம் பண்ணியும் பயனில்லை.

மாமிசக் கடையிலும் பாலாடைக்கட்டிக் கடையிலும் நிறுப்பவர் கேட்கும் ஒரு வினாவை ஈண்டு எடுத்துக்காட்டாது விட மனமில்லை. "தார்ஃப் எஸ் ஐன் பிஸ்ஷென் மேர் ஸைன்?" என்பது அது. "சற்றுக் கூடுதலாக இருக்கலாமா?" என்பது பொருள். நம் ஊர்க் காய்கறிக் கடையில் நிறுத்த பின்னர்ப் பிடி கொத்தமல்லியும் இரண்டு பச்சை மிளகாயும் கொசுறாக விழக் கண்டு பழகியவர், இதுவும் கொசுறே என மயங்கித் தலையசைத்தல் கூடும். அக்கூடுதலுக்கும் விலையுண்டு. கத்தி சற்று விலகி விழுந்தமையால் நூறு கிராம் நூற்றிருபதாயிற்று. அதனை ஏற்றுக்கொள்வீரா என்பதே வினாவின் கருத்து. சொல்லுக்குச் சொல் பொருள் எழுதினால் இவ்வேறுபாடு விளங்குமோ? விளங்காது. விலையைக் குறைத்துக் கேட்கும் வழக்கும் அந்நாட்டுக் கடைகளிற் பெரும்பாலும் இல்லை. ஆதலால் நம் அன்னையார் கைவந்த கலையொன்றைக் கப்பலேறும் முன் இங்கேயே விட்டுச் செல்லல் நன்று. (விமானமேறும் முன் என்று திருத்திக் கொள்க.)

போத்தல் நீர் வாங்கினால் விலையோடு 25 சென்ட்டு மிகுதியாக வாங்குவர். வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அதனை மீட்கலாம். 2003-ஆம் ஆண்டு முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் போத்தல்களுக்கும் தகரக் குப்பிகளுக்கும் இவ்விதி ஏற்பட்டது. இதற்கு அவர்கள் வழங்கும் சொல் 'ப்ஃபாண்ட்'. அடகு, பிணை என்பது அதன் நேர்ப்பொருள். கோலி சோடாப் போத்தலைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்த நம்மவர்க்கு இஃது ஒரு புதுமையன்று. பையும் நாமே கொண்டு செல்லல் வேண்டும்; மஞ்சட்பையை மீண்டும் கையிலெடுக்குமாறு நம் அரசினர் 2021-இல் தொடங்கிய இயக்கம் இவ்வகையில் நமக்கு நல்ல பயிற்சியே. ஞாயிற்றுக்கிழமைகளிலோ கடைகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். அந்நாளின் ஓய்வை அந்நாட்டு அரசியற் சட்டமே காக்கின்றது. ஓய்வுநாளை ஆசரிக்கும் குடும்பங்களில் வளர்ந்த நம் மாணவர் சிலர் இதனைக் கேட்டு மகிழலாம். ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியிற் சந்தைக்குப் போவார் சனிக்கிழமையே அரிசி வாங்கி வைத்துக்கொள்ளல் நலம்.

இனி, எம் முறையீட்டின் நடுப்பொருளுக்கு வருவோம். நம் நாட்டில் ஜெர்மன் மொழி ஆங்கிலத்தின் வழியாகவே பெரிதும் கற்பிக்கப்படுகின்றது. ஆங்கிலமும் ஜெர்மனும் ஓரினத்து மொழிகளாதலின் அதுவே எளிய வழி என்பர். பல சொற்கள் ஒத்திருத்தல் மெய். ஆயினும் கடையில் நின்று பேசும்போது தமிழே கைகொடுக்கும் இடங்கள் பலவுள என்பது தமிழிலக்கணம் பயில்வார்க்குப் புலனாகாமற் போகாது.

ஓர் ஆடையைக் கண்டு, "இஃது எனக்குப் பிடித்திருக்கிறது" என்கின்றோம். ஜெர்மானியர் "தாஸ் கெஃபெல்ட் மீர்" என்பர். 'மீர்' என்பது 'எனக்கு'. உடுத்துப் பார்த்து, "இஃது எனக்குப் பொருந்துகிறது" என்போம். அவர் "தாஸ் பாஸ்ட் மீர்" என்பர். மீண்டும் அதே நான்காம் வேற்றுமை. கடைக்கு வெளியே வந்து, "எனக்குக் குளிர்கிறது" என்று நாம் சொல்லுவதை அவர் "மீர் இஸ்ட் கால்ட்" என்பர். ஆங்கிலமோ இவ்விடத்தில் 'நான்' என்னும் எழுவாயை முன்னே நிறுத்தும். ஆங்கிலத்தின் வழியே மொழிபெயர்த்துப் பேசும் மாணவன் இங்கே இடறுவான். 'நான்' என்றே தொடங்கி அவன் கூறும் தொடர் அந்நாட்டார்க்கு நகைப்பை விளைக்கும் வேறு பொருள்படுதலும் உண்டு. தன் வீட்டில் தன் தாயிடம் பேசிய தமிழையே அவன் நினைந்திருப்பானாயின் இடறான். குவ்வுருபு அவனுக்குப் பிறவியிலேயே வந்தது.

பின்னங்களும் அவ்வாறே. ஒன்றரை என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு தனிச்சொல் இல்லை. ஜெர்மனில் 'ஆண்டர்ட்ஹால்ப்' என்னும் ஒருசொல் உண்டு. முக்காலும் மாகாணியும் முந்திரியும் எண்ணிய நம் முன்னோர்க்கு இதில் வியப்பொன்றுமில்லை. கடை திறக்கும் நேரத்தைக் கேட்டால் 'ஹால்ப் நொய்ன்' என்பர். சொல்லளவில் 'அரை ஒன்பது'. ஒன்பதை நோக்கிச் செல்லும் அரை, அஃதாவது எட்டரை. ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் இத்தகைய தொடர் ஒன்பதரையைக் குறிக்குமாதலின், அவ்வழியே கற்றவன் ஒரு மணி நேரம் பிந்திச் சென்று கூட்டத்தில் நிற்பான். எடையிலும் 'ப்ஃபுண்ட்' என்று வழங்குவர். ஆங்கிலப் பவுண்டு 454 கிராமுக்குச் சற்றே குறைவு. இதுவோ பேச்சுவழக்கில் சரியாக 500 கிராம். நம்மவர் அதனை 'அரைக் கிலோ' என்றே நேராகக் கற்றால் இடையில் ஆங்கிலப் பவுண்டு வந்து குழப்ப இடமில்லை. சார்புத் தொடர்களில் வினை இறுதியில் நிற்றலும், பல சொல் ஒட்டித் தொகையாய் நீளுதலும் தமிழ் மாணவனை அச்சுறுத்தா. நெடுந்தொகை கற்றார்க்கு ஜெர்மன் தொகைச்சொல் எம்மாத்திரம்! ஆய்தத்தைக் கருத்தோடு ஒலிக்கப் பழகிய நாவிற்கு அவர்தம் 'நொஹ்' என்னும் சொல்லின் ஈற்றொலியும் முற்றும் அயலாகாது.

மரியாதைச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மொழியில் 'தூ' என்பது நீ. 'ஸீ' என்பது நீங்கள். முன்பின் அறியாக் கடைக்காரரை 'ஸீ' என்றே விளித்தல் முறை. ஆங்கிலம் இவ்வேற்றுமையை இழந்து நெடுங்காலமாயிற்று. தமிழோ அதனைப் போற்றி வைத்துள்ளது. இதனினும் வியப்பு, ஜெர்மானியரின் 'ஸீ' சொல்லளவில் 'அவர்கள்' என்னும் படர்க்கைப் பன்மையே யாம். ஒருவரைப் பன்மையாற் கூறுதல் இலக்கண நெறியன்று, எனினும் உலக வழக்கில் உயர்வு கருதி வருவது எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துட் கூறிய கருத்தை இங்கே நினைக்க. வழக்கையும் செய்யுளையும் ஒருங்கு நோக்கிய அப்பெரியார் கடைவீதிப் பேச்சைக் கேளாது காதைப் பொத்திக் கொண்டிருந்தவரல்லர். ஆனால் ஓரிடத்து நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். நம் ஊரிற் கடைக்காரரை 'அண்ணாச்சி' என்கின்றோம். முதியவளை 'ஆச்சி' என்கின்றோம். அவ்வுறவுச் சொல்லுக்கு ஈடான விளி அந்நாட்டுக் கடையில் இல்லை. புகும்போது வணக்கமும், "இஷ் ஹெட்டெ கெர்ன்" என்னும் பணிவுத் தொடக்கமும், நீங்கும்போது விடைபெறும் சொல்லும் ஆகிய மூன்றுமே அங்கு அண்ணாச்சியின் இடத்தை நிரப்புவன. 'எனக்கு வேண்டும்' என்று நேரே கேட்பதினும் 'இருந்தால் மகிழ்வேன்' என்னும் பாங்கில் அத்தொடர் அமைந்துள்ளது. வணக்கமின்றிப் பொருளைச் சுட்டிக் காட்டுவானை அவர்கள் செருக்கன் என்று கருதுவர். அவனோ தன் கூச்சத்தால் அங்ஙனம் செய்தான்.

இம்முறை ஒரு புதுமை என்று எவரும் கருதற்க. தாமிரபரணிக் கரையில் அயன்மொழியாரும் நம்மவரும் கலந்து வாணிகம் செய்த காலம் மிகப் பழையது. ஆற்றின் கழிமுகத்திருந்த கொற்கையின் முத்து யவன நூல்களிலும் குறிக்கப்பட்டது. விலை பேசாமல் முத்து விற்றிருப்பரோ? பிற்காலத்தில் ஜெர்மானியரே நம்மிடம் மாணவராய் வந்தனர். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயர், சிறுவரோடு திண்ணைப் பள்ளியில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பயின்றார். 1716-இல் ஹாலே நகரில் அச்சான அவர்தம் இலக்கண நூல் பேச்சு வழக்கையே பெரிதும் தழுவியது. இத்தாலியரான வீரமாமுனிவரும் செந்தமிழ் இலக்கணத்தோடு நில்லாது கொடுந்தமிழுக்கும் ஓரிலக்கணம் வகுத்தார். சுவார்ட்ஸ் ஐயர் 1778-இல் நம் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1820 முதல் 1838-இல் இறக்குமளவும் இங்கே வாழ்ந்த ரேனியுஸ் ஐயர், வேதத்தை மொழிபெயர்க்குங்கால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் கூடாது, தமிழ் மரபே நிற்றல் வேண்டும் என்று வாதாடி 1827-இல் ஒரு நூலே எழுதினார். கிரவுல் என்பார் இந்நாட்டில் 1849 முதல் 1853 வரை தங்கிப் பயின்று, 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். பேச்சுத் தமிழ் அறியாதாரால் இவை இயன்றிரா. குறளுக்குச் சென்ற வழியும் கடைவீதி வழியே என்பது எம் துணிபு.

ஒருபுறம் இதற்கு மாறான காட்சியும் உண்டு. 1876-இல் பெர்லின் நகரத்து ஜாகர் என்பார் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்து, தாழிகளும் இரும்புக் கருவிகளும் பிறவும் தம் நகர் அருங்காட்சியகத்திற்குக் கொண்டு சென்றார். அப்பொருள்களைச் சென்று காணவும் அவற்றைப் பற்றி அவர் மொழியில் எழுதப்பட்டவற்றைப் படிக்கவும் நம்முள் எத்தனை பேர்க்கு இயலும்? நம் ஆற்றங்கரையின் வரலாற்றில் ஒரு பகுதி ஜெர்மன் எழுத்தில் கிடக்கின்றது என்பதைக் கதே பயில விழையும் நண்பர்க்கு நினைவூட்டுகின்றோம். அவ்விடத்தை அடையவும் முதலில் பெர்லினில் ஒரு வேளை ரொட்டி வாங்கியாதல் வேண்டும்!

எம் கருத்தை மறுப்பார் கூறும் தடை இரண்டு. ஜெர்மானியர் பலர் ஆங்கிலம் அறிவர், ஆதலின் இம்முயற்சி வீண் என்பது ஒன்று. பல்கலைக்கழகத்துள் அஃது ஓரளவு மெய். சிற்றூர் ரொட்டிக் கடையிலும், மருத்துவமனையில் முதியோர் படுக்கையருகிலும் அன்று. பிறர் நம் பொருட்டுத் தம் மொழியை விட்டு இறங்கி வருதலை நாள்தோறும் எதிர்நோக்கி வாழ்தல் சிறப்பாமோ? இம்மொழி கற்பித்தால் இளைஞரெல்லாம் ஊரை விட்டு ஓடுவர் என்பது மற்றொன்று. இத்தடை எமக்கும் வருத்தந் தருவதே. முதியோர் மட்டும் காவலிருக்கும் வீடுகளை நம் ஊர்களிற் காண்கின்றோம். ஆனால் அவர்களைச் செலுத்துவது ஊதியம், மொழிவகுப்பன்று. போவது உறுதியாயின் வாயற்றவராய்ப் போகாது வாயுள்ளவராய்ப் போகட்டும்.

ஆகவே நம் தமிழ்த்துறையார்க்கு ஒரு விண்ணப்பம். தமிழின் வழியே ஜெர்மன் கடைப்பேச்சைக் கற்பிக்கும் சிறு கைந்நூல் ஒன்று, நாற்பது பக்கத்திற்கு மேற்படாமல், இவ்வாண்டே எழுதப்படல் வேண்டும். ஒவ்வொரு வினாவிற்கும் எதிரே கடைக்காரர் கூறத்தக்க மூன்று நான்கு மறுமொழிகள் இருத்தல் வேண்டும். இடத்துக்கிடம் வேறுபடும் சொற்களும் அதில் இடம்பெறுக. நம் பக்கத்திற் சீனி என்பதைச் சென்னையிற் சர்க்கரை என்பதுபோல, சிறு ரொட்டியை ஓரிடத்தார் ப்ரோட்ஷென் எனவும், பவேரியர் ஸெம்மெல் எனவும், பெர்லின் நகரத்தார் ஷ்ரிப்பெ எனவும் கூறுவர். மருந்து எங்கே விற்பர் என்பது தனிப்பக்கத்தில் வருக. தலைவலி மாத்திரையும் 'அப்போடேக்கெ' என்னும் மருந்தகத்திலன்றி அங்காடியிற் கிடையாது. மாலை வகுப்பில் மேசையொன்றைக் கடையாக்கி, மாணவர் இருவரை விற்பாரும் கொள்வாருமாக நிறுத்திப் பயிற்றலாம். விற்பவராய் நிற்பவர் விரைந்து பேசுவாராக. இரக்கம் காட்ட வேண்டா.

மறுமொழிகளைத் திரட்டுதலே இதில் அரிய வேலை. அதற்கு இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருள் ஜெர்மனியில் வாழ்வார் உதவுதல் வேண்டும். தாம் சென்ற முதல் மாதத்தில் கடையிற் கேட்டு விளங்காமல் விழித்த சொற்றொடர் எதுவோ அதனை, கேட்டவாறே தமிழெழுத்தில் எழுதி, எவ்வூரில் எவ்வகைக் கடையில் என்னும் குறிப்போடு தமிழ்த்துறைக்கு விடுப்பாராக. ஒருவர்க்கு ஒன்று போதும்.